பாகு முற்றினால் பயமில்லை: தீபாவளி இனிப்புக் குறிப்புகள்

ஐப்பசி மழையும் பலகார வேலையும் சேர்ந்தேதான் வரும். வெளியே துணி காயாது, உள்ளே அதிரச அரிசி காயாது. கடையில் அரை கிலோ வாங்கிக்கொண்டு வந்து வேலையை முடிக்கலாம்தான். ஆனால் அந்தக் காசை நெய்யிலும் வெல்லத்திலும் போட்டால் நாம் தின்றதுபோக நாலு வீட்டுக்குத் தட்டும் அனுப்பலாமே! செய்முறை எல்லாம் உங்களுக்கே அத்துப்படி. எது எங்கே சொதப்பும், சொதப்பினால் அதை என்னவாக மாற்றலாம், எங்கே நாலு காசு மிஞ்சும் என்பதை மட்டும் இங்கே எழுதியிருக்கிறேன். பாதி எங்கள் பெரியம்மா சொன்னது, மீதி நானே கையைச் சுட்டுக்கொண்டு கற்றது.

1. தீபாவளிக்கு முந்தின வாரம் மாவு மில்லில் நிற்க இடம் கிடைக்காது. பதினைந்து நாள் முன்பே கடலை மாவையும் பயத்தம் மாவையும் அரைத்து வைத்துவிடுங்கள். டப்பாவை நீட்டுமுன் நமக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மிளகாய்ப் பொடிக்குப் பின்னால் அரைத்த மாவில் ஒரு வருடம் நான் லட்டு பிடித்து, சாப்பிட்டவர்கள் எல்லாம் தும்மியது இன்னும் வீட்டில் பேச்சு. வேறு வழியே இல்லை என்றால் ஒரு கை அரிசியை முதலில் ஓடவிட்டு, அந்த மாவைத் தனியாக வாங்கிக் கோலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

2. மில்லில் இருந்து வரும் மாவு சூடாக இருக்கும். நேரே டப்பாவில் போட்டு மூடினால் வேர்த்துக் கட்டி தட்டும், வாடையும் வரும். பேப்பரில் பரப்பி, நன்றாக ஆறியபின் எடுத்து வையுங்கள்.

3. மாவுக்கு ஒரு டம்ளர், சர்க்கரைக்கு வேறு டம்ளர் என்று கைக்கு வந்ததை எடுக்காதீர்கள். ஒரு டம்ளரை "இது பலகார டம்ளர்" என்று ஒதுக்கி, அதில் காபி குடிக்கவும் தடை போட்டுவிட்டால் அளவு தப்பாது.

4. வீட்டு சிலிண்டர் 14.2 கிலோதான், பலகார வாரத்தில் அது எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. ஒற்றை சிலிண்டர் வைத்திருப்பவர்கள் பாகு வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள். பொரிக்கிற மாவு ஒரு மணி நேரம் காத்திருக்கும், பாதியில் நின்ற மைசூர் பாகு காத்திருக்காது.

5. ரவை, பயத்தம்பருப்பு, எள், கசகசா என்று வறுக்க வேண்டியதை எல்லாம் ஒரே நாளில், ஒரே வாணலியில், காய்ந்த சூட்டிலேயே அடுத்தடுத்து வறுத்துவிடுங்கள். எண்ணெய் இல்லாதவை முதலில், நெய்யில் வறுப்பவை கடைசியில். நடுவில் பாத்திரம் கழுவும் வேலை மிச்சம், கேஸும் மிச்சம்.

6. முழு முந்திரிக்குக் கூடக் காசு கொடுப்பது சாமி படத்துக்கு முன்னால் வைக்கிற நாலு லட்டுக்கு மட்டும் போதும். மற்றதுக்கு உடைத்த முந்திரியே வாங்குங்கள். எப்படியும் நாம் உடைத்துத்தானே போடப் போகிறோம்! வறுக்கும்போது முந்திரி பாதி சிவந்த பிறகே திராட்சையைப் போடுங்கள், அது உப்ப ஒரு நிமிஷம்கூட ஆகாது.

7. ஏலக்காயைத் தனியாக மிக்ஸியில் போட்டால் சுற்றிச் சுற்றி ஓடும், அரையாது. சூடான தோசைக்கல்லில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு அரைத்தால் நைசாகிவிடும். தோலை உரித்துப் பொடிப்பவர்கள் அந்தத் தோலை டீத்தூள் டப்பாவில் போட்டு வையுங்கள்.

8. வெண்ணெய் வாங்கிக் காய்ச்சினால் நெய் வாசனையே தனி. சடசடவென்ற சத்தம் அடங்கி, அடியில் பொன்னிறம் தெரிந்ததும் ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டு இறக்கிவிடுங்கள். அடியில் நிற்கும் கசண்டை எறியாமல், அதே வாணலியில் கோதுமை மாவை வறுத்துச் சர்க்கரைப் பொடி சேர்த்து உருட்டினால் குழந்தைகளுக்கு அன்றைய மாலை உருண்டை தயார்.

9. நெய்யைக் குறைக்க வேண்டுமானால் எங்கே குறைப்பது என்று தெரிந்து குறைக்க வேண்டும். கிளறும் தொடக்கத்தில் பாதி எண்ணெய் கலந்தால் யாருக்கும் தெரியாது. கடைசிக் கரண்டி மட்டும் சுத்த நெய்யாக இருக்கட்டும், மேலே நிற்கிற வாசனை அதுதான்.

10. பளீரென்று மஞ்சளாக மின்னும் வெல்லத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நிறம் எடுக்க 'ஹைட்ரோஸ்' ரசாயனம் போட்டு வெளுப்பதும் உண்டு. கருத்த பாகு வெல்லம்தான் அதிரசத்துக்கு நிறமும் தரும், பாகும் சரியாக வரும்.

11. வெல்லம் பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கரைத்து வடிகட்டாமல் பாகு வைக்காதீர்கள். ஒரே ஒரு மணல் போதும், மாமனார் பல்லில்தான் அது மாட்டும்.

12. சர்க்கரைப் பாகு கொதிக்கும்போது ஒரு ஸ்பூன் பால் விடுங்கள். அழுக்கெல்லாம் நுரையோடு ஓரத்தில் ஒதுங்கும், கரண்டியால் எடுத்துவிடலாம்.

13. ஜாமூன், ஜாங்கிரி, பாதுஷா பாகில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் ஆறின பிறகு கற்கண்டு மாதிரிப் பூக்காது. மைசூர் பாகுக்கு மட்டும் விட வேண்டாம். அது கட்டியாகத்தானே வேண்டும்!

14. பாகுக்குக் கடிகாரம் பார்க்காதீர்கள், விரலைப் பாருங்கள். ஜாமூனுக்குக் கம்பியே வேண்டாம், இரண்டு விரலுக்கு நடுவே பிசுபிசுவென்று இருந்தால் போதும். ஜாங்கிரிக்கு அதைவிட ஒரு கொதி கூட. மைசூர் பாகு, லட்டு, பாதுஷா, தேங்காய் பர்ஃபி எல்லாம் ஒற்றைக் கம்பி. அதிரசப் பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் திரண்டு, எடுத்தால் மெத்தென்று உருள வேண்டும். பொரி உருண்டைக்கும் மனோகரத்துக்கும் அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். முக்கியமான விஷயம், நீங்கள் பதம் பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் பாகு அடுத்த பதத்துக்குப் போய்விடும். அதனால் அடுப்பைத் தணித்துவிட்டுச் சோதியுங்கள்.

15. பாகு முற்றிவிட்டதா? கால் டம்ளர் வெந்நீர் விட்டு மறுபடி கொதிக்கவிட்டால் இளகி, பழைய பதத்துக்கு வரும். நிறம் மாறிச் சிவந்தேவிட்டது என்றால் அதைக் கோதுமை அல்வாவில் விடுங்கள். கேசரிப் பவுடர் இல்லாமலே அல்வாக் கடை நிறம் கிடைக்கும்.

16. அதிரச அரிசி மாவுப் பச்சரிசியாக இருக்கட்டும். இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, வேட்டித் துணியில் பரப்பி ஃபேன் காற்றில் விடுங்கள். இந்த மழையில் மொட்டை மாடியை நம்ப முடியாது. கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், உதறினால் ஒட்டக் கூடாது, அதுதான் அரைக்கிற நேரம். பாக்கெட்டில் விற்கும் காய்ந்த அரிசி மாவில் அதிரசம் செய்ய முயன்று வெல்லத்தை வீணாக்காதீர்கள்.

17. ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்பது எங்கள் கணக்கு. பாகை மாவில் கொட்டும்போது ஒரு கை மாவைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளறி முடிக்கையில் மாவு கொஞ்சம் தளர்வாகத்தான் தெரியும். ஆற ஆற இறுகும், பயந்துபோய் மீதி மாவையும் கொட்டிவிடாதீர்கள்.

18. அதிரச மாவின் மேலே நெய் தடவி, துணியால் வாய் கட்டி ஒரு ராத்திரியாவது வையுங்கள். இரண்டு நாள் இருந்தால் இன்னும் மெத்தென்று வரும். மொத்தத்தையும் ஒரே நாளில் சுட்டு முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து, விருந்தாளி வரும்போது பத்துப் பத்தாகச் சுட்டால் எப்போதும் சூடான அதிரசம்தான்.

19. முதலில் ஒரே ஒரு அதிரசத்தைத் தட்டிப் போட்டுப் பாருங்கள். எண்ணெயில் பிரிந்து போனால் பாகு இளசு, எடுத்து வைத்த மாவைச் சேர்த்துப் பிசையுங்கள். கல்லாக வந்தால் பாகு முற்றல், வெதுவெதுப்பான பாலைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள்.

20. எத்தனை சமாதானம் செய்தும் வழிக்கு வராத அதிரச மாவில் ஒரு வாழைப்பழத்தை மசித்துப் போட்டு, தண்ணீர் விட்டுத் தளர்த்தி, பணியாரக் கல்லில் ஊற்றுங்கள். 'இந்த வருஷம் பணியாரமும் செஞ்சியா?' என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டாம்.

21. சுட்ட அதிரசத்தை இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவே வைத்து, வாணலிக்கு மேலேயே அழுத்துங்கள். எண்ணெய் தரையில் சொட்டாமல் வாணலிக்கே திரும்பும், அதிரசமும் தட்டையாகும்.

22. மைசூர் பாகுக்கு ஒரு பங்கு கடலை மாவு, இரண்டு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு நெய். மாவைச் சலித்து, இரண்டு ஸ்பூன் உருக்கிய நெய்யில் பிசறி வைத்துக்கொண்டால் பாகில் தூவும்போது கட்டி விழாது. கிளறுகிற கை ஒன்று, தூவுகிற கை ஒன்று என்று இருவராக நின்றால் இன்னும் சுலபம். எங்கள் வீட்டில் தூவுகிற கை என் கணவருடையது, வருஷத்தில் அன்று ஒருநாள்தான் அடுப்படிக்கு வருவார்.

23. கூடு கூடாக மைசூர் பாகு வேண்டும் என்றால் பக்கத்து அடுப்பில் நெய் புகையாத அளவுக்குக் காய்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு கரண்டி விடும்போதும் 'புஸ்'ஸென்று பொங்க வேண்டும். அந்தச் சூட்டில் பாகில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் கிளம்புவதால்தான் உள்ளே கூடு விழுகிறது. ஆறின நெய் விட்டால் பாகு கிடைக்கும், கூடு கிடைக்காது.

24. வாணலியில் ஒட்டாமல் சுருண்டு, நெய் நுரைத்து, மேலே துளைகள் தெரிய ஆரம்பித்ததும் யோசிக்காமல் தட்டில் கொட்டிவிடுங்கள். கரண்டியால் தட்டி அமுக்கினால் கூடு மூடிவிடும், தட்டையே லேசாக ஆட்டிச் சமன் செய்தால் போதும். சூடு இருக்கும்போதே வில்லை போட்டுவிடுங்கள்.

25. தீபாவளி மலர்கள் வந்த காலத்தில் இருந்து மைசூர் பாகு ஜோக்கும் வந்துகொண்டிருக்கிறது, சுத்தியலோடு. நம் வீட்டில் அப்படி ஆனால் சிரித்துவிட்டு, துண்டுகளை மிக்ஸியில் பொடித்து, அரை டம்ளர் பால் விட்டு அடிகனமான வாணலியில் மறுபடி கிளறுங்கள். மெத்தென்ற கடலை மாவு பர்ஃபி வரும். மாறாக, இறுகாமல் கொழகொழவென்று நின்றால் இன்னும் ஐந்து நிமிஷம் கிளறுங்கள், அல்லது வறுத்த கடலை மாவு ஒரு கை சேர்த்து உருண்டையாக்குங்கள்.

26. பூந்தி வால் முளைத்து விழுந்தால் மாவு கெட்டி, தட்டையாகப் பரவினால் மாவு நீர்த்துவிட்டது. ஒவ்வொரு ஈட்டுக்கும் பூந்திக் கரண்டியின் அடியைத் துடைத்துவிட்டால் முத்து முத்தாக விழும். லட்டுக்கு பூந்தி மொறுமொறுப்பாக வேண்டாம், சத்தம் அடங்குவதற்குச் சற்று முன்னாலேயே எடுத்துவிடுங்கள்.

27. லட்டு பிடிக்க வராமல் உதிர்ந்தால் ஒரு பங்கு பூந்தியை மிக்ஸியில் ஒரே சுற்று சுற்றி மீதியோடு கலந்து, லேசாகச் சூடாக்கிப் பிடியுங்கள். வால் முளைத்த பூந்தியை எல்லாம் இதற்குத்தான் ஒதுக்கி வைப்பது.

28. ரவா லாடு பிடிக்கப் பால் தெளித்தால் சுலபம், ஆனால் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். பத்து நாள் இருக்க வேண்டும் என்றால் பாலைத் தொடாதீர்கள். வறுத்த ரவையில் பாதியை மிக்ஸியில் லேசாக ஓட்டி, நெய்யை நன்றாகச் சூடு பண்ணி விட்டுச் சூட்டோடு பிடியுங்கள்.

29. நேரமே இல்லையா? பொட்டுக்கடலை மாலாடு இருக்கவே இருக்கிறது. ஒரு டம்ளர் பொட்டுக்கடலைக்கு முக்கால் டம்ளர் சர்க்கரை, இரண்டையும் மிக்ஸியில் பொடித்துச் சூடான நெய் விட்டால் முடிந்தது. பாகும் இல்லை பதமும் இல்லை; கல்யாணமான புதிதில் என் மானத்தைக் காப்பாற்றியது இதுதான்.

30. ஜாமூன் மாவைச் சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசையாதீர்கள், விரலால் சேர்த்தால் போதும். உருண்டையில் விரிசல் தெரிந்தால் பால் தொட்டு உருட்டுங்கள். எண்ணெயில் அந்த விரிசல்தான் வாய் பிளக்கும். எண்ணெய் மிதமாகவே இருக்கட்டும், சட்டென்று சிவந்த ஜாமூன் உள்ளே பச்சையாக இருக்கும்.

31. கொதிக்கிற பாகில் ஜாமூனைப் போட்டால் சுருங்கும், ஆறிய பாகில் போட்டால் குடிக்காது. கை பொறுக்கும் சூட்டில் பாகு, பொரித்து இரண்டு நிமிஷம் ஆறிய ஜாமூன், அதுதான் பொருத்தம்.

32. ஜாமூன் தீர்ந்து பாகு மட்டும் நின்றால் அதற்குப் பத்து வேலை இருக்கிறது. எலுமிச்சை பிழிந்து சர்பத், மைதாவில் விட்டுப் பிசைந்து டைமன் பிஸ்கட், அல்லது மறுநாள் காலை ரவா கேசரி. எதுவும் முடியாவிட்டால் பழைய பிரெட்டை நெய்யில் வறுத்து அதில் ஊறவிடுங்கள்.

33. பாதுஷாவில் இதழ் இதழாக வர வேண்டும் என்றால் நெய்யையும் மாவையும் பிசறுவதில் மெனக்கெடுங்கள், தண்ணீர் விட்ட பிறகு அதிகம் பிசையாதீர்கள். எண்ணெய் காய்ந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் பாதுஷாவைப் போடுங்கள். தானாக மேலே மிதந்து வந்ததும் சிறு தீயில் ஏற்றினால் உள்வரை வேகும்.

34. ஜாங்கிரிக்கு உளுந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊற வேண்டாம், அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் தெளியுங்கள். ஒரு சொட்டு மாவு தண்ணீரில் மிதந்தால் சரி. ஜாங்கிரித் துணி இல்லாதவர்கள் கனமான பால் கவரை நன்றாகக் கழுவித் துடைத்து, மூலையில் சின்னதாக வெட்டிக்கொள்ளலாம். முதல் நாலு ஜாங்கிரி கோணலாகத்தான் வரும், அதைச் சுட்டவரே சாப்பிடுவது வழக்கம்.

35. சோமாசி ஓரம் திறந்துகொண்டால் பூரணம் கொட்டி எண்ணெயே கருகும். மைதாவைக் கூழாகக் கரைத்து விரலால் தடவி ஒட்டுங்கள், தண்ணீரை நம்பாதீர்கள். மிஞ்சின பூரணத்தைப் போளிக்கோ, குழந்தைகள் சப்பாத்திக்குள் வைத்துச் சுருட்டவோ எடுத்து வைக்கலாம்.

36. பால்கோவாவுக்கு ஆவின் ஆரஞ்சு பாக்கெட் வாங்குங்கள். அதில் கொழுப்பு 6 சதவீதம். நீல பாக்கெட்டில் 3 சதவீதம்தான், கிளறிக் கிளறிக் கை வலிக்கும், கோவா கொஞ்சமாகத்தான் நிற்கும். ஒரு லிட்டருக்குச் சர்க்கரையோடு சேர்த்துக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் தேறும். சர்க்கரையைப் பால் நன்றாகச் சுண்டிய பிறகே போடுங்கள், முன்னாலேயே போட்டால் அடிப்பிடிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் வீட்டு பால்கோவாவுக்கு வீட்டாரின் குறியீடு போதும்.

37. அகன்ற உருளியில் பால் காய்ச்சினால் பாதி நேரத்தில் சுண்டும். அடியில் ஒரு சின்னப் பீங்கான் தட்டைப் போட்டு வைத்தால் பால் கொதிக்கையில் அது தடதடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் கிளறப் போக வேண்டும் என்று பொருள்.

38. பால் திரிந்துவிட்டால் கொட்டாதீர்கள். அப்படியே சுண்டவிட்டு, வெல்லமோ சர்க்கரையோ போட்டு, ஒரு ஸ்பூன் நெய்யும் ஏலக்காயும் சேர்த்தால் மணல் மணலாகத் திரட்டுப்பால் மாதிரி வரும். புளித்த வாடை வந்த பாலுக்கு மட்டும் இது ஆகாது.

39. முந்திரி கத்லிக்கு முந்திரியை விட்டு விட்டு அரையுங்கள், ஒரே ஓட்டமாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் இருந்ததை எடுத்தவுடன் அரைத்தாலும் ஈரம் கோத்துக்கொள்ளும். கைக்கு அடங்காத விலை என்றால் வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி அதே அளவில் செய்யுங்கள், பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியாது.

40. தேங்காய் பர்ஃபிக்கு ஓட்டை ஒட்டிய பழுப்பு வரை துருவாமல் வெள்ளையை மட்டும் எடுங்கள், மீதி சட்னிக்குப் போகட்டும். ஓரம் நுரைத்து வந்ததும் கொட்ட வேண்டும். கை தாமதித்து உதிரி உதிரியாகிவிட்டால் இரண்டு ஸ்பூன் பால் தெளித்து மறுபடி கிளறுங்கள், சேர்ந்துவிடும்.

41. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுக்க நேரமில்லாதவர்கள், கோதுமை மாவைச் சப்பாத்திக்குப் போலப் பிசைந்து இரண்டு மணி நேரம் தண்ணீரில் மூழ்க வையுங்கள். பிறகு அந்தத் தண்ணீரிலேயே பிசைந்து கரைத்தால் பால் இறங்கும், ரப்பர் மாதிரி நிற்பதை எடுத்துவிட்டு வடிகட்டுங்கள். பால் தெளிந்ததும் மேல் தண்ணீரை இறுத்துவிட்டுக் கிளறினால் கிட்டத்தட்ட திருநெல்வேலிதான். தாமிரபரணித் தண்ணீருக்கு மட்டும் நாம் எங்கே போவது!

42. அரை கப் கார்ன்ஃப்ளார், ஒன்றரை கப் சர்க்கரை, இரண்டு கப் தண்ணீர், நாலைந்து ஸ்பூன் நெய், சில சொட்டு எலுமிச்சை. கண்ணாடி மாதிரி பாம்பே அல்வா அரை மணி நேரத்தில் வந்துவிடும். தட்டு நிறைய வேண்டும், செலவு சுருக்கமாக வேண்டும் என்கிற வீட்டுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.

43. பொரிக்கும் வரிசையைத் தீர்மானித்துவிட்டால் எண்ணெய் மிஞ்சும். முதலில் பூந்தி, பாதுஷா, பிறகு முறுக்கு வகை, கடைசியில் அதிரசம். வெல்லம் பட்ட எண்ணெய் சீக்கிரம் கருக்கும். எண்ணெய் நுரைத்துப் பொங்கினால் நெல்லிக்காய் அளவு புளி உருண்டையைப் போட்டு, அது கருத்ததும் எடுத்துவிடுங்கள்.

44. ஈட்டுக்கு ஈடு அடியில் தங்கும் தூளை வடிகட்டியால் வாரிவிடுங்கள். கருத்துக் கெட்டியான எண்ணெயைச் சமையலுக்கு வைக்காதீர்கள், சிங்க்கிலும் கொட்டாதீர்கள். கேட் கீலுக்கும் இரும்புக் கல்லுக்கும் போக மீதியைப் பழைய பேப்பரில் ஊறவைத்துக் குப்பைக்கு அனுப்புங்கள்.

45. நடுவே மற்ற பண்டிகைகளுக்கும் நாலு குறிப்பு. முதலில் கோகுலாஷ்டமிக்கு: சீடை வெடிப்பது உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகி வெளியேற வழி இல்லாததால்தான். மாவை இரண்டு தரம் சலித்து, உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, உருண்டைகளைத் துணியில் உலர்த்தி, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து குத்துங்கள். இத்தனை செய்தாலும் முதல் இரண்டைப் போடும்போது கையில் ஒரு மூடி இருக்கட்டும்.

46. பிள்ளையார் சதுர்த்தியில் பூரணம் தளர்ந்தால் ஒரு ஸ்பூன் வறுத்த அரிசி மாவு சேர்த்துக் கிளறுங்கள். மேல் மாவு மிஞ்சினால் சின்னச் சின்ன உருண்டையாக வேகவைத்துக் கடுகு தாளித்து அம்மிணிக் கொழுக்கட்டை, பூரணம் மிஞ்சினால் போளி. இரண்டும் மிஞ்சாமல் முடித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

47. சர்க்கரைப் பொங்கலில் அரிசியும் பருப்பும் குழைந்த பிறகே வெல்லம் போடுங்கள். வெல்லம் விழுந்தால் அதற்குமேல் அரிசி வேகாது. பச்சைக் கற்பூரம் கடுகளவு போதும், கூடினால் கசந்துவிடும்.

48. கார்த்திகைப் பொரி உருண்டை பிடிக்கக் கையில் நெய்க்குப் பதில் அரிசி மாவு தொட்டுக்கொள்ளுங்கள், சூடும் தெரியாது, ஒட்டவும் ஒட்டாது. நடுவில் பாகு இறுகினால் வாணலியோடு மறுபடி அடுப்பில் காட்டினால் இளகும்.

49. மறுபடி தீபாவளிக்கு வருவோம். எது முதலில் கெடுமோ அது முதலில் தட்டுக்கு வரட்டும். பால்கோவா, ஜாமூன், தேங்காய் பர்ஃபியை முதல் இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிட்டு (மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து), லட்டு, மைசூர் பாகு, அதிரசத்துக்குப் பிறகு வாருங்கள். எந்த இனிப்பையும் சூட்டோடு டப்பாவில் மூடாதீர்கள், முறுக்கோடு ஒரே டப்பாவில் போடவும் வேண்டாம். முறுக்கு நமுத்து, லட்டில் பெருங்காய வாடை ஏறிவிடும்.

50. எறும்புக்குச் சாக்பீஸ் கோடு போடுவதைப் பலகாரம் இருக்கும் இடத்தில் செய்யாதீர்கள், அது விஷம். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் டப்பாவை வைத்தால் போதும். எறும்புக்கு அகழி தாண்டத் தெரியாது. வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும், அதற்குக் குறிப்பு இல்லை.

51. பாகு ஒட்டிய பாத்திரத்தைச் சுரண்டி நகத்தை உடைத்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டால் தானே கழன்றுவிடும்.

52. கொதிக்கிற பாகு கையில் பட்டால் எண்ணெயைவிட மோசம், ஒட்டிக்கொண்டு சுடும். உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். இங்க், பற்பசை, மாவு எதையும் பூசாதீர்கள். பெரிதாகக் கொப்பளித்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

53. இவ்வளவும் தின்ற வயிற்றுக்கு லேகியம் வேண்டாமா? நாட்டு மருந்துக் கடையில் 'தீபாவளி மருந்து சாமான்' என்று கேட்டால் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் சேர்த்தே பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். வெல்லமும் நெய்யும் விட்டுக் கிளறி, இறக்கி ஆறிய பிறகே தேன் விடுங்கள்.

54. பக்கத்து வீடுகளுக்கு அனுப்ப எவர்சில்வர் தட்டு வேண்டாம், யாருடையது எங்கே போனது என்று பொங்கல் வரை தேட வேண்டியிருக்கும். பாக்கு மட்டைத் தட்டில் வாழை இலை விரித்து அனுப்பினால் பார்க்கவும் அழகு. வருகிற தட்டில் நம் வீட்டில் செய்யாத இனிப்பு இருக்கும்படி முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால், ஆளுக்கு இரண்டு வகை செய்தே எல்லா வீட்டிலும் எட்டு வகை இருக்கும்.

55. பத்து நாள் கழித்து டப்பாக்களின் அடியில் லட்டுத் தூள், மைசூர் பாகுப் பொடி, உடைந்த பாதுஷா, மாலாடு உதிரி என்று ஒரு கலவை கிடக்கும். மோந்து பார்த்து, நன்றாக இருப்பதை எல்லாம் ஒன்றாகக் கொட்டி, காய்ச்சின பாலில் போட்டு ஒரு கொதி விட்டால் பாயசம். சர்க்கரை போட வேண்டாம், ஏலக்காய் போட வேண்டாம், நெய்கூட வேண்டாம். எங்கள் வீட்டில் இதற்கு 'சர்வ தூள் பாயசம்' என்று பெயர். இதை ஏன் மாதாமாதம் செய்யக் கூடாது என்று வருஷா வருஷம் கேட்கிறார்கள்.